திருப்பிப் போடாத அட்டை

அண்ணா!

அப்படித்தான் உன்னைக் கூப்பிட்டுப் பழக்கம். சின்ன வயதில் ஒருமுறை கோபத்தில் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதற்கு அம்மா கரண்டியாலேயே என் வாயில் போட்டாள். அதனால் இதிலும் பேர் எழுதப் போவதில்லை. எழுதினால், போன இடத்திலிருந்தே "இன்னா பாப்பா, தைரியம் வந்துடுச்சா?" என்று கேட்பாய்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "நல்ல பையன், அடக்கமான பையன்" என்று சொல்லிவிட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடக்கமாம்! ஏரியில் நீ பண்ணின கூத்தைப் பற்றி ஒரு வார்த்தை ஒருத்தரும் பேசவில்லை. சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார்கள் போல. எனக்கானால் அதைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அதனால், உன்னைத் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. பட்டுப்புடவைதான். ஒன்றில் நைனா நெய்வார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இன்னொன்றில் கூலிக்கு ஒருத்தர். நான் நூல் சுற்றுவேன், நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை போடுவேன். அண்ணனுக்குத் தறி ஆகவே ஆகாது. தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் அரை மணியில் தூங்கிவிடுவான். ஒருமுறை தூக்கத்தில் தலை பாவு நூலில் மோதி நாற்பது இழை அறுந்துபோனது. அன்று நைனா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தறியும் நின்றுவிட்டது.

பதினெட்டு வயதில் அவன் மெட்ராசுக்குப் போய், கடற்கரையில் பாய்மரப் படகு விடுகிற ஒரு கிளப்பில் சேர்ந்தான். பணக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பந்தயம் விடுவார்கள். இவன் படகைத் தண்ணீரில் தள்ளுவான், திரும்ப இழுப்பான், கழுவுவான், ஓட்டை விழுந்தால் ஒட்டுவான். மூன்று வருடம் இப்படியே தற்காலிகம். படகு ரிப்பேர் செய்கிற கொட்டகையில் நிரந்தரமாகச் சேர வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அந்தக் கொட்டகைக்கு ஒரு மேஸ்திரி. குப்பத்து மனிதர், கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும்.

அங்கே ஒரு சின்னப் பந்தயப் படகு கழித்துப் போட்டுக் கிடந்தது. நீளமாக இரண்டு ஓடம், நடுவில் சட்டம் போட்டுத் துணி கட்டியிருக்கும், அதன்மேல் பாய்மரம். காற்று பலமாக அடித்தால் அதன் மூக்கு தண்ணீருக்குள் போய்ப் படகே குட்டிக்கரணம் போட்டுவிடும். இரண்டு பேருக்குப் பல் போயிருந்தது. மூக்கைக் கொஞ்சம் குண்டாக்கினால் முழுகாது என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். மேஸ்திரி சிரித்துவிட்டு, "எடுத்துகினு போய் செஞ்சி காட்டு. பொங்கலுக்கு முன்னால நானே உங்க ஊருக்கு வந்து பாக்கறேன். ஓடுச்சின்னா கொட்டாயில உனக்கு எடம்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஆரணியிலிருந்து மெட்ராசுக்கு அரிசி ஏற்றிப்போன லாரி காலியாகத் திரும்பும்போது அதன் மேல் படகு வந்தது. காலை எட்டு மணி. தெரு முழுக்கப் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த நேரம். லாரி உள்ளே வர முடியாமல் முக்கில் நிற்க, அண்ணனும் இன்னும் நாலு பேரும் ஓடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பார்த்ததும் எதிர்வீட்டு அக்கா "அய்யோ, யாருடா போயிட்டாங்க?" என்று மாரில் கை வைத்துவிட்டாள்.

"யாரும் போவலக்கா. படகு."

"ஆத்துல மணலு கூட இல்ல. படகு எதுக்குடா?"

"அதான் ஏரி ரொம்பிகீதே."

"ஏரி ரொம்பிச்சின்னா நெல்லு நடுவாங்கடா. படகு வுடுவாங்களா?"

நைனா கஞ்சிப் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, ஓடத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். பிறகு அண்ணனிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கூலிக்காரன் தை பொறந்தா செய்யாறுக்கு கம்பெனி வேலைக்குப் போறான். கம்பெனி பஸ்சு வந்து இட்டுகினு போவுதாம் அவன. தறி காலியாவுது. உன் மேஸ்திரி வர அன்னிக்கு இது நேரா போயி நேரா வந்துச்சின்னா, நீ மெட்ராசுக்குப் போ, நான் கேக்க மாட்டேன். இல்லன்னா குழியில எறங்கணும். சம்மதமா?"

"சம்மதம் நைனா."

"ஒம்பது மணி வரைக்கும் தெரு பாவுக்கு. அதுக்கு மேலதான் உன் படகுக்கு."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு ஓடத்துக்குத் தெருவில் இடம் கிடைத்தது. இன்னொன்றைக் கொல்லையில் மாட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டோம்.

மூக்கைக் குண்டாக்க தெர்மோகோல் வேண்டும். மெட்ராசில் மஞ்சளாக வேறு ஒன்று இருக்கிறதாம், விலை ஜாஸ்தி. அண்ணன் கல்யாண மேடை போடுகிறவரிடம் பழைய தெர்மோகோல் கேட்டு வாங்கி வந்தான். அதில் பாதி அன்னப்பறவை. ஒரு துண்டில் "நல்வரவு" என்று ஜிகினாவில் எழுதியிருந்தது. எல்லாவற்றையும் அறுத்து ஓடத்தின் மூக்கில் ஒட்டி, ராவி, அழகாகத்தான் வந்தது. அதன்மேல் பைபர் துணியைப் போட்டு ரெசின் என்கிற பிசினை ஊற்றினான்.

'உஸ்' என்று ஒரு சத்தம். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அன்னப்பறவை நல்வரவு எல்லாம் பஞ்சுமிட்டாய் மாதிரிக் கரைந்து உள்ளே போய்விட்டது. மூக்கு இருந்த இடத்தில் குழி.

"நல்லா குண்டாக்கினடா" என்றார் நைனா.

அண்ணன் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டான். அன்று அவன் சாப்பிடவில்லை. மறுநாள் அம்மாதான் வாசலில் நின்றபடி கேட்டாள். "ஏண்டா, அந்த எழவு பிசினு தெர்மோகோல தொட்டாத்தான கரையுது? தொடாம பண்ணா?"

"எப்பிடிம்மா தொடாம இருக்கும்?"

"பழைய வேட்டிய கிழிச்சி கஞ்சி போட்டு சுத்து. பாவுக்குப் போடற கஞ்சி, கெட்டியா. மூணு நாளு வெயில்ல காஞ்சா அதுல ஊசி எறங்காது, பிசினு எங்க எறங்கும்?"

அண்ணன் அம்மாவைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடன் கேட்க வந்தவள் மாதிரி வாசல்படியிலேயே நின்று இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டு, அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அண்ணன் மேடை போடுகிறவரிடமே மறுபடியும் தெர்மோகோல் வாங்கி வந்தான். நைனாவின் வேட்டி இரண்டு போனது. ஒன்று பழசு, ஒன்று பழசு இல்லை. மூன்று நாள் காய்ந்த பிறகு தட்டினால் தகரம் மாதிரி சத்தம் வந்தது. பிசினை ஊற்றினான். தெருவில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். 'உஸ்' வரவில்லை. எதிர்வீட்டு அக்கா கையே தட்டிவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் குனிந்து பார்த்தேன். என் ஜடை நுனி பிசினில் விழுந்தது. ஜல்தியாக எடுத்திருக்கலாம், சிரித்துக்கொண்டே நின்றுவிட்டேன். அது இறுகிப் போனது. இழுத்தால் ஓடமே கூட வருகிறது. கடைசியில் அண்ணன் நூல் வெட்டுகிற கத்தரியால் நாலு விரல் நீளம் வெட்டினான். "பாப்பா முடி போட்ட படகு, கண்ணு படாது" என்றான். நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

இங்கேதான் அட்டை விஷயம் வருகிறது. மூக்கு எந்த வளைவில் வர வேண்டும் என்பதற்கு அண்ணன் அளவு வெட்டி வைத்திருந்தான். பரணில் கிடந்த பழைய ஜக்கார்டு அட்டையில்தான். புடவையில் டிசைன் விழுவதற்காகத் தறிக்கு மேலே மாட்டுகிற, ஓட்டை போட்ட அட்டை. அதில் வரிசையாக நம்பர் எழுதியிருக்கும். குண்டாக்கின மூக்கின் வயிறு எப்படி இருக்க வேண்டும் என்றால், வெளிப்பக்கம் தட்டையாக, உள்பக்கம் மட்டும் புடைத்துக்கொண்டு இருக்க வேண்டும். "ரெண்டு வயிறும் ஒண்ணை ஒண்ணு பாத்துகினு நிக்கணும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

தெருவில் இருந்த இடது ஓடம் முடிந்தது. பிசினை இறுக வைக்கிற மருந்து தீர்ந்துபோனதால், அதை வாங்க மெட்ராசுக்குக் கிளம்பினான். போகும்போது என்னிடம் சொன்னான். "கொல்லையில இருக்கிறது வலது. அதுக்கும் இதே அட்டைதான். ஆனா திருப்பிப் போட்டு வரைஞ்சிக்கோ. நம்பரு கீழ இருக்கணும். தெர்மோகோலு அறுத்து, கஞ்சித் துணி சுத்தி வை. நான் வந்து பிசினு ஊத்தறேன்."

நானும் அப்படித்தான் அட்டையைத் திருப்பிப் போட்டு வரைய ஆரம்பித்தேன். நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்தவர் பார்த்துவிட்டார்.

நெசவு வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஜக்கார்டு அட்டையை யாரும் திருப்பிப் போடமாட்டார்கள். ஒரு அட்டை திரும்பினாலும் டிசைன் கெட்டுவிடும், மயில் இருக்கிற இடத்தில் வாலும் வால் இருக்கிற இடத்தில் ஒன்றுமில்லாமலும் போகும். அட்டையைத் திருப்பினதற்காக நைனா சின்ன வயதில் தன் அப்பாவிடம் உதை வாங்கியிருக்கிறார். நம்பர் கீழே இருப்பதைப் பார்த்ததும் வாளியை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"அறிவு கீதா உனக்கு? அட்டைய எவளாவது திருப்பிப் போடுவாளா?"

"அண்ணன்தான் சொல்லிச்சி நைனா."

"அவனுக்கு இன்னா தெரியும் அட்டையப் பத்தி? தூங்கறதுதான் தெரியும். இப்பிடி வா." அட்டையைப் பிடுங்கி, நம்பர் மேலே வர வைத்து, தானே சாக்பீசால் கோடு போட்டார். சும்மா சொல்லக் கூடாது, அவர் போட்ட கோடு அண்ணன் கோட்டைவிட அழகு. படகு என்ற வார்த்தையைக்கூட சொல்லாமல் இத்தனை நாள் இருந்தவர், அன்று மத்தியானம் முழுக்க என்னோடு உட்கார்ந்து தெர்மோகோல் அறுத்தார். கஞ்சித் துணியைச் சுருக்கம் இல்லாமல் சுற்றினார். "செய்யறத சுத்தமா செய்யணும்" என்று இரண்டு தடவை சொன்னார். மகன் பிழைத்துப் போகட்டும் என்று அவருக்குள்ளே இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அந்த மனிதர் தறியை விட்டு எழுந்து வருவாரா?

அண்ணன் திரும்பி வந்து கேட்டான். "திருப்பிப் போட்டியா பாப்பா?"

நைனா பக்கத்தில் இருந்தார். நான் தலையை ஆட்டினேன். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று எனக்கே தெரியாத மாதிரி ஒரு ஆட்டு. அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். மேஸ்திரி வருவதற்கு அதிக நாள் இல்லை. அவசரமாகப் பிசின் ஊற்றி, ராவி, வெள்ளை பெயின்ட் அடித்தான். ஒன்று தெருவில், ஒன்று கொல்லையில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை.

மேஸ்திரி வருகிற நாள் சேவூர் பக்கத்து ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். அம்மா படகுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கினாள். சட்டத்தில் இரண்டு ஓடத்தையும் பூட்டும்போது அண்ணன் ஒரு நிமிஷம் நின்று தலையைச் சொறிந்தான். "பாப்பா, இது ஏதோ…" என்று ஆரம்பித்தான். அதற்குள் டவுன் பஸ்சிலிருந்து மேஸ்திரி இறங்கிவிட்டார்.

மேஸ்திரி ஏரி நடுவில் தண்ணீரில் நிற்கிற ஒற்றைப் பனைமரத்தைக் காட்டினார். "த்தோ, அத்த சுத்திகினு வா."

காற்று நன்றாக அடித்தது. பாய் விரிந்தது. படகு பாய்ந்து போனது, சத்தியமாகப் பாய்ந்து போனது. கரையில் விசில். ஓட்டுநர் பஸ்சை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நைனா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு படகு இடது பக்கமாகத் திரும்பியது. அண்ணன் சுக்கானை இழுத்தான். இன்னும் இடது பக்கம் திரும்பியது. உடம்பையே சுக்கான்மேல் போட்டுப் படுத்தான். கொஞ்சம் நேராகப் போகும், ஒரு காற்று வந்ததும் மறுபடியும் இடது. பனைமரம் ஒரு பக்கம் இருக்க, இவன் அழகாக வட்டம் போட்டுக்கொண்டு எங்கள் முன்னாலேயே வந்து நின்றான்.

"ஏன் வந்துட்ட?" என்று கத்தினார் மேஸ்திரி.

"நான் வரல மேஸ்திரி, அதுவா வருது!"

மறுபடியும் போனான். மறுபடியும் வட்டம். மூன்றாவது தடவை, ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் லாரி டியூப்பில் உட்கார்ந்து வலை போட்டுக்கொண்டிருந்தார். படகு அவரை நடுவில் வைத்து இரண்டு சுற்று சுற்றியது. அவர் டியூப்பில் உட்கார்ந்தபடியே அதோடு கூடச் சுற்றிச் சுற்றித் திரும்பிக்கொண்டு கத்தினார். "யோவ், இன்னாய்யா வேணும் உனக்கு? சாமி சுத்தற மாதிரி சுத்துற! பேஜார் பண்ணாதய்யா, வல அறுந்துடும்!"

"மன்னிச்சிக்கோங்கண்ணே! நிக்க மாட்டேங்குது!"

கரையில் சிரிப்பு தாங்கவில்லை. பஸ்சில் ஏறப்போன ஒருத்தர், "தேவிகாபுரம் போவ சொல்லுய்யா, கோயில சுத்தனா புண்ணியமாவது வரும்" என்றார். அம்மாகூட முந்தானையில் வாயை மூடிக்கொண்டாள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

இழுத்துக் கரையேற்றினார்கள். அண்ணன் முழுக்க நனைந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான். மேஸ்திரி படகுக்கு முன்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டு மூக்கையும் தடவினார். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அடப்பாவி! ரெண்டும் எடது கால் செருப்புடா! ரெண்டு வயிறும் ஒரே பக்கம் பாத்துகினு கீது!"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நாலு பேர் எதிரில் தன் தப்பு என்று எதையும் ஒத்துக்கொள்ளாதவர், அத்தனை பேர் கேட்கச் சொன்னார்.

"அவ திருப்பித்தான் போட்டா. நான்தான் உடல. அட்டைய திருப்பக் கூடாதுன்னு நான்தான் வரைஞ்சேன்."

இத்தனை வருடத்தில் நைனா நெய்த புடவையில் ஒரு பழுது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பியதில்லை.

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இருக்கட்டும் பெரியவரே. ஆனா ஒண்ணு பாத்தீங்களா? இவ்ளோ காத்துல அந்த மூக்கு ஒரு வாட்டி கூட முழுவல. உள்ள இன்னாடா போட்ட?"

"வேட்டியும் கஞ்சியும் மேஸ்திரி" என்றான் அண்ணன் மெதுவாக.

"கஞ்சியா?"

"எங்கம்மாது."

மேஸ்திரி அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். "ஒத்தக் கால் செருப்பு சரியா தெச்சவன் மத்தத தெக்க மாட்டானா? கொட்டாய்க்கு வரச் சொல்லுங்க."

ஆனால் ஒப்பந்தம் அது இல்லையே. நேராகப் போய் நேராக வந்தால்தான் மெட்ராஸ். எல்லாருக்கும் தெரியும். அண்ணனே சொன்னான், "படகு ஓடல நைனா. நான் தறியில எறங்கறேன்" என்று.

நைனா இடுப்புத் துண்டை அவிழ்த்து அவன் தலையில் போட்டுத் துவட்டினார். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான்.

"புடவையில பழுது வந்தா கூலியில யாருக்குப் புடிப்பாங்க?"

"நெய்தவனுக்கு."

"இது நான் நெய்த பழுது. எனக்குத்தான் புடிக்கணும். நீ போடா."

தை பிறந்து கூலிக்காரர் செய்யாறுக்குப் போனார். அண்ணன் சரியான ஓடத்தைத் தூக்கிக்கொண்டு மெட்ராசுக்குப் போய், அங்கே வலது ஓடத்தைப் புதிதாகச் செய்து பூட்டினான். காலியான தறியில் நான் இறங்கினேன். நைனாவுக்கு விழுந்த பிடித்தத்தில் பாதி எனக்கு. எனக்குக் குறை இல்லை. நான் தூங்கமாட்டேன்.

அண்ணா, அன்று நான் ஆட்டின தலையைப் பற்றி நீ கேட்கவே இல்லை. பழியை நைனா ஏற்றுக்கொண்டார், நான் சும்மா இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். திருப்பவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லப் பயந்தேன். ஆனால் நீ வருடம் தவறாமல் பொங்கலுக்கு வரும்போது, வாசல்படியில் நின்று "திருப்பிப் போட்டியா பாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவாய். அதனால் உனக்கும் தெரிந்திருக்கும்.

இந்த ஐப்பசி மழையில் மெட்ராசில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள். நாங்கள் பஸ் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. மேஸ்திரியே வேனில் உடம்போடு கூட வந்து இறக்கிவிட்டார். அந்த உலக்கைக் கையால் நைனாவைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் படகு இன்னும் ஓடுது பெரியவரே. மூக்கு முழுவவே இல்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என் முடியும் அதில்தான் இருக்கிறது. கடலைப் பார்த்திராத எனக்கு, நாலு விரல் நீளம் கடலில் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொரு இடது கால் செருப்பு கொல்லையில்தான் கிடக்கிறது. மேல்பக்கத்தை அறுத்துத் தொட்டியாக்கிவிட்டோம். மாடு அதில்தான் தண்ணீர் குடிக்கிறது. நைனா தினமும் அதைத் தேய்த்துக் கழுவுகிறார். மாட்டைக்கூட அப்படிக் கழுவினதில்லை. கழுவி முடித்துவிட்டு, தான் போட்ட வளைவைக் கையால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், இன்று விளக்கு வைக்கும்போது எங்கள் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். பேர் தேவையில்லை. ஆரணியில் ஏரியைச் சுற்றினானே அந்தப் பையன் என்று சொன்னால் போதும், சாமிக்குத் தெரிந்துவிடும். போகிற இடத்துக்கு அவன் நேராகப் போய்ச் சேரட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை நடுவில் யாரும் அட்டையைத் தொடவில்லை.